நீடிய பிணியும் மானமும்: வாசகர் கேள்வி – பதில்

வீட்டில் படுத்த படுக்கையாக இருப்பவர்களையும், குறையோடு பிறந்த குழந்தைகளையும், மனநோயால் வருந்துபவர்களையும் பற்றிச் சமயங்கள் என்ன சொல்கின்றன என்று கேட்டு வந்த கடிதங்களில் நான்கை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: என் அப்பாவுக்கு 81 வயது. தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏழு மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. நினைவு தெளிவாக இருக்கிறது. டயப்பர் மாற்றும்போதெல்லாம் "மயிர்நீப்பின் வாழாக் கவரிமா" என்ற குறளைச் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். பத்து நாட்களாகச் சாப்பாட்டைத் தள்ளிவிடுகிறார். கஞ்சி மட்டும் சிறிது இறங்குகிறது. பார்க்க வரும் உறவினர்கள், "இழுத்துக்கிட்டுக் கிடக்காம போய்ச் சேர்ந்தா அவருக்கும் நல்லது, உனக்கும் நல்லது" என்று அவர் காதுபடவே சொல்கிறார்கள். கருணைக்கொலையைத்தான் கோர்ட்டே அனுமதித்துவிட்டதே என்கிறார் என் அண்ணன். அப்பாவின் விருப்பப்படி விட்டுவிடுவதுதான் அவருடைய மானத்தைக் காப்பதா? (வாசகி, திருவொற்றியூர்)

பதில்: குறளுக்குப் போவதற்கு முன் அந்தப் பத்து நாட்களைப் பற்றிப் பேசிவிட வேண்டும். பக்கவாதம் வந்தவர்கள் பலருக்கு விழுங்கும் தசைகள் தளர்ந்துவிடுகின்றன. தண்ணீர் குடித்தாலே புரையேறும், சோற்றுப் பருக்கை தொண்டையில் நிற்கும், மூச்சு முட்டும். அந்தப் பயத்திலேயே தட்டைத் தள்ளிவிடுவார்கள். கஞ்சி இறங்குகிறது, சோறு இறங்கவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதால் எனக்கு முதலில் அந்தச் சந்தேகம்தான் வந்தது. பக்கவாதத்துக்குப் பின் மனச்சோர்வும் பலருக்கு வருகிறது. அது சிகிச்சைக்குக் கட்டுப்படும் நோய். அப்பா சாக விரும்புகிறார் என்று வீட்டில் முடிவு கட்டுவதற்கு முன், அவருடைய நரம்பியல் மருத்துவரிடம் தாமதிக்காமல் சொல்லி, விழுங்கும் திறனைச் சோதிக்கவும் மனநல மருத்துவர் ஒருவர் வந்து பார்க்கவும் ஏற்பாடு செய்யுங்கள். 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ், படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சையும் ஆதரவு சிகிச்சையும் தருகிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

உங்கள் அண்ணன் சொல்வதில் ஒரு பகுதிதான் உண்மை. 2011இல் அருணா ஷான்பாக் வழக்கிலும், பின்னர் 2018 மார்ச் 9ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் அமர்வு அளித்த தீர்ப்பிலும் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது, பிழைக்கும் வாய்ப்பே இல்லாத நிலையில் உயிரைச் செயற்கையாக இழுத்துப் பிடிக்கும் சிகிச்சையை நிறுத்துவதை மட்டுமே. அதற்கும், சிகிச்சை அளிக்கும் மருத்துவரும் அனுபவமுள்ள நிபுணர்கள் இருவரும் அடங்கிய குழு ஒன்று பார்த்து, அதை இரண்டாவது குழு ஒன்றும் உறுதி செய்ய வேண்டும். ஊசி போட்டு உயிரைப் போக்குவது இன்றைக்கும் குற்றம். நினைவோடு, பேச்சோடு, குறளோடு இருக்கும் உங்கள் அப்பாவுக்கும் அந்தத் தீர்ப்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பிற்காலத்தில் தமக்கு வென்டிலேட்டர் வேண்டாம் என்று அவர் கருதினால், தெளிவாக இருக்கும் இப்போதே இரண்டு சாட்சிகளோடு நோட்டரி முன்னிலையில் உயில் எழுதி வைக்கலாம். 2023இல் உச்ச நீதிமன்றம் அந்த நடைமுறையை எளிதாக்கியிருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையும் இந்த வேறுபாட்டை நெடுங்காலமாகச் சொல்லி வருகிறது. போப் பன்னிரண்டாம் பயஸ் 1957இலேயே, அளவுக்கு மீறிய சிகிச்சைகளை ஏற்றுத்தான் ஆக வேண்டும் என்ற கடமை நோயாளிக்கு இல்லை என்றார். சாவை வலிந்து தள்ளிப்போடாமல் இருப்பது ஒன்று, ஓர் உயிரை முடித்துவைப்பது வேறொன்று.

இனிக் குறள். உங்கள் அப்பா தமிழாசிரியர். அவரிடம் மழுப்பிப் பேச முடியாது. பரிமேலழகர் மானம் என்ற அதிகாரத்துக்கு, தம் நிலையில் தாழாமையும், தாழ்வு வந்தவிடத்து உயிர் வாழாமையும் என்றுதான் பொருள் விரிக்கிறார். அதை மறைக்க வேண்டியதில்லை. அந்தத் தாழ்வு எது என்று மட்டும் அவரிடம் கேளுங்கள். அதே அதிகாரத்தில் "இகழ்வார்பின் சென்று நிலை" என்றும், "ஒட்டார்பின் சென்றொருவன் வாழ்தலின்" என்றும் வள்ளுவர் அடுத்தடுத்து இரண்டு குறள்களில் சொல்கிறார். தன்னை இகழ்கிறவனை, தன்னோடு ஒட்டாதவனை அண்டிப் பிழைப்பதுதான் அவர் காட்டும் மானக்கேடு. பெற்ற மகளின் கையைப் பிடித்துக்கொண்டு புரண்டு படுப்பதை அந்த அதிகாரத்தின் பத்துக் குறள்களில் ஒன்றிலும் நான் காணவில்லை. மகள் இகழ்வாரும் அல்ல, ஒட்டாரும் அல்ல. ஆனால் அவர் காதுபட "போய்ச் சேர்ந்தால் நல்லது" என்று சொல்லும் உறவினர்கள் இருக்கிறார்களே, அவர்கள்தான் அந்த வீட்டைச் சில நிமிடங்களுக்கு இகழ்வார் வீடாக ஆக்கிவிட்டுப் போகிறார்கள். அவர் குறளைச் சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்புவதற்கு அவர் உடம்பு எவ்வளவு காரணமோ, அந்தப் பேச்சும் அவ்வளவு காரணம் என்று எனக்குப் படுகிறது. அப்படிப் பேசுகிறவர்களைக் கூடத்தில் உட்கார வைத்து, காபி கொடுத்து, அங்கிருந்தே அனுப்பிவிடுங்கள். அதில் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை.

பௌத்தர்களின் விநய பிடகத்தில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. வயிற்றுப்போக்கு கண்ட பிக்கு ஒருவர் தம் கழிவிலேயே கிடக்கிறார், பார்ப்பாரில்லை. அந்த வழியாக வந்த புத்தர், ஏன் உம்மை யாரும் கவனிக்கவில்லை என்று கேட்கிறார். "நான் மற்ற பிக்குகளுக்கு ஒன்றும் செய்ததில்லை, அதனால் அவர்களும் எனக்குச் செய்வதில்லை" என்பது அவருடைய பதில். என்னால் யாருக்கும் பயனில்லை என்று இன்றைக்கும் படுக்கையில் கிடக்கும் முதியவர்கள் சொல்லும் அதே சொல். புத்தர் ஆனந்தரைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அவர் நீரை ஊற்ற, ஆனந்தர் உடம்பைக் கழுவினார்; தலைப்பக்கம் புத்தரும் கால்பக்கம் ஆனந்தரும் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார்கள். பிறகு மற்ற பிக்குகளைக் கூட்டி, உங்களைப் பார்த்துக்கொள்ள இங்கே தாயும் இல்லை, தந்தையும் இல்லை; ஒருவரை ஒருவர் பாராவிட்டால் யார் பார்ப்பார்கள், எனக்குப் பணிவிடை செய்ய விரும்புகிறவர் நோயாளிக்குச் செய்யட்டும் என்றார். "மிகவும் சிறியவராகிய" ஒருவருக்குச் செய்ததை எனக்கே செய்தீர்கள் என்று மத்தேயு நற்செய்தியில் இயேசு சொல்வதும் இதுவே. நான் நோயுற்றிருந்தேன், நீ என்னைப் பார்க்க வரவில்லையே என்று மறுமையில் இறைவன் மனிதனைக் கேட்பான் என்று நபிகள் நாயகம் சொன்னதும் இதுவே. மூவரும் வழிபாட்டுக்குரிய இடமாக நோயாளியின் படுக்கையைக் காட்டியிருக்கிறார்கள் என்பது என்னை எப்போதும் கலங்கடிக்கும் ஒற்றுமை.

என் தாயார் திருவல்லிக்கேணி வீட்டில் எட்டு மாதம் படுக்கையில் இருந்தார். அவரைப் பார்த்துக்கொள்ள வந்த பெண்மணி பள்ளிப்படிப்பைக்கூட முடிக்காதவர். எழுந்து வந்து கதவு திறக்க அம்மாவால் முடியாது என்று தெரிந்தும் ஒவ்வொரு முறையும் கதவைத் தட்டி, "அம்மா, வரட்டுமா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார். அம்மாவிடமிருந்து ஒரு முனகல் வந்த பிறகுதான் உள்ளே வருவார். சன்னலைச் சாத்தி, மேலே ஒரு துண்டை விரித்து, துண்டுக்கு அடியிலேயே பழைய துணியை உருவுவார். வெந்நீரைத் தன் முழங்கையில் விட்டுப் பார்த்த பிறகே அம்மாவின் மேல் விடுவார். "இப்போ வலப்பக்கம் திரும்பப் போறோம், என் கழுத்தைப் பிடிச்சுக்குங்கம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் புரட்டுவார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இது நடந்தது; எட்டு மாதத்தில் ஒரு படுக்கைப் புண் வரவில்லை. பெற்ற மகனாகிய நான் அதுவரை ஒரு நாளும் அந்தக் கதவைத் தட்டியதில்லை. தட்ட வேண்டும் என்று தோன்றியதுகூட இல்லை. முதிர்ந்த பெற்றோரிடம் "உஃப்" என்றுகூடச் சொல்லாதே, கனிவோடு பேசு என்று குர்ஆனின் 17ஆம் அத்தியாயம் கட்டளையிடுவதன் பொருளை அந்தப் பெண்மணியைப் பார்த்துத்தான் நான் கற்றுக்கொண்டேன். அவருக்கு அந்த வசனம் தெரிந்திருக்க வழியில்லை.

நீங்கள் திருவொற்றியூர்க்காரர் என்பதால் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. சுந்தரர் கண்ணிழந்தது உங்கள் ஊர் எல்லையில்தான். உன்னைப் பிரியேன் என்று மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறிப் புறப்பட்டவருக்கு இரண்டு கண்ணும் போயின. தட்டுத்தடுமாறித் திருவெண்பாக்கம் சென்று, கோயிலில் இருக்கிறாயா என்று கேட்டார். ஊன்றுகோல் ஒன்றைக் கொடுத்துவிட்டு, "உளோம் போகீர்" என்றது உள்ளிருந்து வந்த குரல். அந்தத் தலம் பின்னர் பூண்டி நீர்த்தேக்கத்தில் மூழ்க, கோயில் கரைக்கு மாற்றப்பட்டது. ஊன்றீசுவரர் என்ற பெயரில் இன்றும் வழிபாடு நடக்கிறது. கோல் கிடைத்ததற்குச் சுந்தரர் நன்றி சொல்லி அடங்கிவிடவில்லை. காஞ்சியில் ஒரு கண் கிடைத்த பிறகும், திருவாரூரில் "வாழ்ந்து போதீரே" என்று இறைவனையே ஏசினார். அந்த ஏச்சைத் தேவாரமாக வைத்து ஓதி வருகிற சமயம் நம்முடையது. உங்கள் அப்பாவும் ஏசட்டும். உங்களை ஏசினாலும் கேட்டுக்கொள்ளுங்கள். திட்டும் மனிதர் இன்னும் நம்மோடு பேசிக்கொண்டிருக்கிறார்.

கேள்வி: எங்கள் பாட்டி, உணவை விட்டு உயிர் துறக்கும் சமண நோன்பான சல்லேகனை விரதம் ஏற்று உயிர் நீத்தார். என்னுடன் படிக்கும் நண்பர்கள் அதைத் தற்கொலை என்கிறார்கள். (வாசகர், சௌகார்பேட்டை)

பதில்: ராஜஸ்தான் உயர் நீதிமன்றமும் 2015 ஆகஸ்டில் அப்படித்தான் கருதித் தடை விதித்தது, அதே மாத இறுதியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்தி வைத்தது. தமிழ் மண்ணுக்கு இந்த நோன்பு புதிதன்று. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் பழங்கல்வெட்டு இருக்கிறது. சமண நூல்கள் இதற்கு விதிக்கும் கட்டுப்பாடு கடுமையானது. உடம்பு இனித் தாங்காது என்ற நிலையில், குருவின் அனுமதியோடு, தாமே விரும்பி ஏற்க வேண்டும். விரைவில் சாக வேண்டும் என்று ஆசைப்படுவதே நோன்புக்குக் குற்றம். வாழ்வின் மேல் வெறுப்புற்று உயிரை மாய்ப்பதும் இதுவும் ஒன்றல்ல என்றே நான் நினைக்கிறேன்.

ஒரு கவலையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தென் மாவட்டங்களில் தலைக்கூத்தல் என்று ஒரு வழக்கம் இருந்தது. இன்னும் சில இடங்களில் மறைவாக நடக்கிறது. முதியவருக்கு உச்சி குளிர எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீரைக் கொடுத்துக்கொண்டே இருந்து சாகடிப்பது. அங்கே முடிவு செய்பவர் கட்டிலில் கிடப்பவர் அல்லர், கட்டிலைச் சுற்றி நிற்பவர்கள். எந்த விரதமும், எவ்வளவு புனிதமானதாயினும், வீட்டாரின் களைப்பையோ செலவையோ சாக்காக வைத்து முதியவர் மேல் சுமத்தப்படுமானால் அதுவும் தலைக்கூத்தல்தான். உங்கள் பாட்டி தாமே கேட்டு ஏற்றவர் என்றால் நண்பர்களுக்கு நிதானமாக எடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் மகளுக்கு டவுன் சிண்ட்ரோம். இரண்டரை வயது ஆகிறது. கோயிலுக்குக் கூட்டிப்போனால், "போன ஜன்மத்துப் பாவம், பெத்தவங்க என்ன பண்ணாங்களோ" என்று பெரியவர்களே பேசுகிறார்கள். என் மனைவி இப்போது எந்த விசேஷத்துக்கும் வருவதில்லை. நம் சமயமே இப்படித்தான் சொல்கிறதா? (வாசகர், தாம்பரம்)

பதில்: இல்லை. உயிரணுக்களில் இருபத்தொன்றாம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதால் வருவது இந்த நிலை. உங்கள் மனைவி செய்தது, செய்யாதது எதனாலும் வந்ததன்று. இதை முதலில் அவரிடம் சொல்லுங்கள், பலமுறை சொல்லுங்கள்.

வினைக்கொள்கை நம் சமயங்களில் இருப்பது உண்மை. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு துன்பப்படுகிறவரை விலக்கிவைப்பவர்களுக்கு வள்ளலார் நேரடியாகப் பதில் எழுதியிருக்கிறார். வினைக்குத் தண்டனையாகக் கடவுள் கொடுத்த துன்பத்தை நாம் போக்கினால் அது கடவுள் ஆணைக்கு எதிராகாதா என்ற கேள்வியைத் தாமே எழுப்பிக்கொண்டு ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் அதற்கு விடை சொல்கிறார். பெருங்குற்றம் செய்து சிறையில் விலங்கிடப்பட்டவனுக்கும் அரசன் தன் சேவகரைக் கொண்டு உணவு கொடுக்கிறான் அல்லவா, அதுபோலத்தான் கடவுளும் என்கிறார். குற்றவாளிக்கே அப்படி என்றால், குற்றம் எதுவும் அறியாத இரண்டரை வயதுக் குழந்தைக்கு என்ன சொல்வார்? ஏழுகிணறு வீராசாமி தெருவில் பல ஆண்டுகள் வாழ்ந்து, கந்தகோட்டத்துக்கு நடந்து போய்ப் பாடியவர் அவர். வாடிய பயிரைக் கண்டு வாடியதைத்தான் நாம் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறோம். அதே பாட்டில் "நீடிய பிணியால் வருந்துகின்றோர்" என்றும், "ஈடின் மானிகளாய் ஏழைகளாய் நெஞ்சு இளைத்தவர்" என்றும் அவர் தொடர்வதை விட்டுவிடுகிறோம். ஒப்பற்ற மானம் உடையவர்கள் என்று அவர் சொல்வது இல்லாதவர்களைத்தான்.

பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, பாவம் செய்தவன் இவனா, இவனைப் பெற்றவர்களா என்று சீடர்கள் கேட்டதற்கு, இருவரும் இல்லை என்றார் இயேசு; யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரம் இப்படித்தான் தொடங்குகிறது. பார்வையற்ற ஒருவர் வந்தபோது, ஊர்ப் பெரியவர்களோடு பேசிக்கொண்டிருந்த நபிகள் நாயகம் முகம் சுளித்ததற்காக இறைவன் அவரையே கண்டித்த செய்தி குர்ஆனின் 80ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. அந்தப் பார்வையற்றவர் பின்னாளில் தொழுகைக்கு அழைக்கும் பொறுப்பை ஏற்றார். இந்த இரண்டையும் கோயிலில் பேசியவர்களிடம் சொல்ல வேண்டும் என்பதில்லை. உங்கள் மனைவியிடம் சொல்லலாம். இந்தப் பழியை அவரைப் போலவே சுமந்தவர்கள் எல்லாக் காலத்திலும் எல்லா ஊரிலும் இருந்திருக்கிறார்கள், அது பொய் என்று சொன்னவர்களும் இருந்திருக்கிறார்கள்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. பேச்சுப் பயிற்சி, இயன்முறைப் பயிற்சி ஆகியவற்றை இந்த வயதிலேயே தொடங்குவது நல்லது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. அடையாள அட்டைக்கு விண்ணப்பித்துவிடுங்கள். அடுத்த வெள்ளிக்கிழமை அதே கோயிலுக்கு மூவரும் போங்கள். குழந்தை மணி அடிக்க ஆசைப்பட்டால் தூக்கிப் பிடியுங்கள்.

கேள்வி: என் தம்பிக்கு 26 வயது. மனச்சிதைவு நோய் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். மாத்திரையை நிறுத்திவிட்டு ஒரு மண்டலம் புனிதத் தலம் ஒன்றில் தங்க வைத்தால் சரியாகும் என்கிறார் அம்மா. அங்கே இரவில் காலில் சங்கிலி போடுவார்களாம். அம்மாவின் நம்பிக்கையையும் புண்படுத்த மனமில்லை. (வாசகர், வியாசர்பாடி)

பதில்: 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில் ஏர்வாடியில் தனியார் ஒருவர் நடத்திய காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகி இறந்தார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்களும் உங்கள் அம்மாவைப் போல நம்பிக்கையோடும் பாசத்தோடும்தான் விட்டார்கள். சங்கிலி என்ற சொல்லைக் கேட்டதும் நீங்கள் தயங்கினீர்களே, அந்தத் தயக்கத்தை விட்டுவிடாதீர்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்திருக்கிறது. அதை மீறுகிற இடம் எவ்வளவு புனிதமானதென்று சொன்னாலும் தம்பியை அங்கே விடாதீர்கள்.

அம்மாவின் நம்பிக்கையை நீங்கள் எதிர்க்க வேண்டிய தேவையே இல்லை. ஏர்வாடி தர்காவில் இன்று "தவா – துவா" என்று ஓர் ஏற்பாடு உண்டு. அரசு மனநல மருத்துவக் குழு அங்கேயே மருந்து தருகிறது, வேண்டுதலும் நடக்கிறது. மாற்கு நற்செய்தியில், கட்டிய சங்கிலிகளை அறுத்துக்கொண்டு கல்லறைகளுக்கிடையே அலைந்தவன் ஒருவன் வருகிறான். அவன் தெளிந்த பிறகு ஊரார் பார்ப்பது, உடை உடுத்திக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதனை. தங்கள் காரியங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ள இயலாதவர்களின் சொத்தைக் காக்கும்போதும், அவர்களுக்கு உணவும் உடையும் கொடுத்து அவர்களிடம் கனிவாகப் பேசுங்கள் என்று குர்ஆன் சேர்த்தே சொல்கிறது. மணிமேகலையில் ஆபுத்திரன், "காணார் கேளார் கால்முடப் பட்டோர், பேணுநர் இல்லோர் பிணிநடுக் குற்றோர், யாவரும் வருக" என்று கூவி அழைத்து ஊட்டிய பிறகே, மிஞ்சியதைத் தான் உண்டான். பேணுநர் இல்லாதவர்களுக்கு அவனே பேணுநர் ஆனான். உங்கள் தம்பிக்குப் பேணுவதற்கு நீங்கள் இருக்கிறீர்கள்.

மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்பும் அபாயம் மிகுதி. பக்க விளைவுகளால் தம்பி அவதிப்படுகிறார் என்றால் அதை மருத்துவரிடம் சொன்னால் மருந்தை மாற்றித் தருவார்கள். கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தின் புறநோயாளிகள் பிரிவு உங்களுக்குத் தொலைவில்லை. இரவு நேரத்தில் பேச வேண்டுமென்றால் 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி மனநல ஆலோசனை கிடைக்கும். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அம்மாவையும் கூட்டிப்போங்கள். அவர் விரும்பும் தலத்துக்கு ஒரு நாள், மாத்திரைப் பெட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு, மூவருமாகப் போய்விட்டு மாலையிலேயே வீடு திரும்பலாமா என்று மருத்துவர் முன்னிலையிலேயே கேளுங்கள். தம்பிக்கு அதில் விருப்பமா என்பதை அவரிடமும் கேளுங்கள்.